குழாய் ஏறாத அரண்மனை

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் முன்னால், செக்கச்செவேலென்று கோபுரமும் கூம்புமாக நிற்கிற கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கோயிலா, கோட்டையா என்று கேட்கத் தோன்றும். இரண்டும் இல்லை, ரயில்வே ஹோட்டல். அன்றைய பெயர் மிட்லண்ட் கிராண்ட். 1873 மே 5-ல் திறந்தார்கள், 1935-ல் மூடினார்கள். அறுபத்திரண்டே வருஷம். கட்டடம் கல்லுக்குண்டாகத்தான் நின்றது. பிறகு ஏன் மூடினார்கள்? அந்தக் கல்லுக்குண்டுத்தனம்தான் பாதிக் காரணம்.

முதலில் கீழிருந்து வருவோம். மிட்லண்ட் ரயில்வே, டெர்பி நகரத்துக் கம்பெனி. லண்டனுக்குள் நுழைய வேறொரு கம்பெனியின் தண்டவாளத்தையும் அதன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தையும் நம்பியிருந்தது. அடுத்தவர் திண்ணையில் எத்தனை நாள் படுப்பது? 1862-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சி நெரிசலில் பட்ட பாடு போதுமென்று சொந்த நிலையம் கட்ட முடிவெடுத்தார்கள். வழியில் ரீஜன்ட்ஸ் கால்வாய் குறுக்கிட்டது. தண்டவாளத்தை அதன் மேலே கொண்டுபோனதால் நடைமேடை தெருவைவிட ஒரு மாடி உயரத்துக்கு ஏறிவிட்டது. அடியில் பெரிய வெற்றிடம். சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். கம்பெனிக்கோ பர்ட்டன் ஊரிலிருந்து பீர் ஏற்றி வருவது நல்ல வரும்படி. அதனால் அந்த இடம் பீப்பாய்க் கிடங்காயிற்று. பொறியாளர் வில்லியம் பார்லோ, பீப்பாய்கள் அடுக்க வாகாகத் தூணுக்குத் தூண் 14 அடி 8 அங்குலம் வைத்தார். மேலே இரும்புக் கூரையின் வளைவுகள் அதற்குச் சரியாக இரண்டு மடங்கு, 29 அடி 4 அங்குல இடைவெளியில் நிற்கின்றன. நம் ஊரில் மனையடி சாஸ்திரம். அங்கே பீப்பாயடி சாஸ்திரம்!

அந்தக் கூரை 240 அடி அகலத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் தாண்டுகிறது. இத்தனை பெரிய வளைவு இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தடுக்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், இல்லை குறுக்கே கம்பி கட்ட வேண்டும். பார்லோ நடைமேடைக்கு அடியில் ஓடும் இரும்பு உத்தரங்களையே கட்டுக்கம்பியாக்கிவிட்டார். வளைவு வில் என்றால் தரை நாண். 1868 அக்டோபர் 1-ல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஹோட்டலுக்கு இன்னும் ஐந்து வருஷம்.

ஹோட்டலுக்காக 11 கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். கம்பெனி கேட்டது 150 படுக்கை. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்தது அதைவிட வெகு பெரியது, வந்ததிலேயே செலவும் அதிகம். 1866-ல் அதையே தேர்ந்தெடுத்தார்கள்! பணமுடையில் ஒரு மாடியைக் குறைத்தும் செலவு சுமார் 4,38,000 பவுனைத் தொட்டது. செங்கல் நாட்டிங்ஹாமில் எட்வர்ட் கிரிப்பர் சூளையிலிருந்து, அதாவது கம்பெனியின் தண்டவாளம் போகிற ஊரிலிருந்து வந்தது. கட்டடமே ஒரு விளம்பரப் பலகை. அதன் காரியத்துக்கு அது சற்று மிஞ்சிப் போய்விட்டதோ என்று ஸ்காட்டே பிற்பாடு எழுதினார். எனக்கென்னவோ அது வருத்தமாகத் தெரியவில்லை, பெருமையாகத்தான் தெரிகிறது.

இப்போது தரைக்கு வருவோம். தீக்குப் பயந்து மரத்தளம் போடாமல் இரும்பு உத்தரங்களுக்கு இடையே கான்கிரீட் நிரப்பினார்கள். மேலே சுமார் 300 படுக்கையறைகள். குளியலறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1873-ல் அது குறையே அல்ல. வேலையாள் குடத்தில் வெந்நீர் கொண்டுவருவார், தகரத் தொட்டியில் குளியல், அழுக்குத் தண்ணீரையும் அவரே சுமந்து இறங்குவார். கணப்புக்கு நிலக்கரி மேலே, சாம்பல் கீழே. ஓர் அறைக்கு நாலு சுமை. முந்நூறு அறைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆள் மலிவாகக் கிடைத்தவரை ஓடியது. முதல் உலகப் போருக்குப் பிறகு கூலி ஏறியது, ஆளும் அருகியது. புது ஹோட்டல்களில் அறைக்கு அறை குளியலறை வந்தது.

இங்கேயும் போட்டால் என்ன? மாடியில் ஒரு பாத்ரூம் கூட்டிக் கட்டியவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் வரும் குழாயை எப்படியாவது வளைத்துவிடலாம், கழிவுக்குழாய்க்கு வாட்டம் வேண்டும். வாட்டத்துக்குத் தளத்தின் உள்ளே ஆழம் வேண்டும். மரத்தளமென்றால் பலகையைப் பெயர்த்து இடுக்கில் விட்டுவிடலாம். கான்கிரீட்டில் ஒவ்வோர் அறைக்கும் கொத்த வேண்டும். உத்தரம் குறுக்கிட்டால் அதுவும் முடியாது. செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. மூடினார்கள். அறைகள் ரயில்வே அலுவலகங்களாயின.

1980-களில் அதுவும் நின்றது. காரணம் தீப்பாதுகாப்பு விதிகள். தீக்குப் பயந்து கட்டிய கட்டடம் தீ விதியிலேயே தோற்றது. தளம் எரியாது என்பது வேறு, புகை ஏறாது என்பது வேறு. மாடி மாடியாகத் திறந்தபடி ஏறும் படிக்கட்டு, புகைக்குப் புகைபோக்கி மாதிரி.

அதற்கு முன்பே இடிக்கவும் பார்த்தார்கள். பக்கத்து யூஸ்டன் நிலையத்தின் தோரண வாயில் 1960-களின் தொடக்கத்தில் தரைமட்டமாயிருந்தது. அந்தக் கோபம் ஆறவில்லை. கவிஞர் ஜான் பெட்ஜமன், வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டி என்று பலரும் குரல் கொடுக்க, 1967 நவம்பரில் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது.

2011-ல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தார்கள், முறைப்படியான விழா அதே மே 5-ல். 245 அறைகள். அவற்றில் பழைய கட்டடத்துக்குள் இருப்பவை 38 மட்டுமே. மேல்மாடிகள் குடியிருப்பாகிவிட்டன. மிச்ச அறைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடமே எழுப்பி, அதில் குழாய் ஓட்டினார்கள்.