விண்வெளிக்குப் போன பணமும் மொட்டை மாடி ஆன்டெனாவும்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அழைத்ததும் வந்து சிறப்பித்திருக்கும் ஓய்வுபெற்ற விண்வெளி விஞ்ஞானிப் பெருமக்களே, அரங்கையும் திரையையும் தந்துதவிய பள்ளித் தாளாளர் அம்மையார் அவர்களே, அல்சூரிலிருந்தும் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் பெங்களூரு நெரிசலில் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ரிச்சர்ட் கேரியட்டைப் பற்றிய ஆவணப்படத்தை இப்போது பார்த்தோம். கணினி விளையாட்டுகளால் பணம் ஈட்டியவர். ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் 2008 அக்டோபர் 12 அன்று சோயுஸ் என்னும் ரஷ்ய விண்கலத்தில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். இங்கே மேலேயும் பாய்ந்திருக்கிறது. உடம்பு, கலம், தந்தையும் மகனும், வானொலி என்று நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன்.

உடம்பு. அவர் கல்லீரலில் ஒரு ரத்தநாளக் கட்டி. கீழே இருந்தால் தொல்லை தராது. கலத்தில் காற்றழுத்தம் சட்டென்று குறைந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அறுவை செய்து எடுத்த பிறகுதான் அனுமதி.

கலம். சோயுஸ் திரும்பும்போது, ஆட்கள் இருக்கும் பகுதியிலிருந்து எஞ்சின் பகுதி தனியே கழன்றுவிட வேண்டும். இரண்டையும் பிணைத்திருப்பவை வெடித்துப் பிரியும் போல்ட்டுகள். 2008 ஏப்ரலில் வந்த கலத்தில் அது சரியாகக் கழலவில்லை. கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் பாய்ந்தது. உள்ளே இருந்த மூவர் உடம்பும் எட்டு மடங்கு கனத்தது. இறங்கியது குறித்த இடத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் முன்னால். அப்போது அடுத்த கலம் மேலே நிலையத்தோடு இணைந்து நிற்கிறது! ஜூலை 10 அன்று ரஷ்ய விண்வெளி வீரர்கள் வோல்கோவும் கொனனென்கோவும் வெளியே போய், வெடிமருந்தோடு இருந்த ஒரு போல்ட்டைக் கையாலேயே கழற்றி, வெடித்தாலும் தாங்கும் பெட்டியில் அடைத்தார்கள். அக்டோபர் 24இல் கேரியட் அதே கலத்தில், அதே இருவரோடுதான் நலமாகத் தரையிறங்கினார். பாதாளம் மட்டும் பாயும் பணத்தால் அந்த போல்ட்டைக் கழற்ற முடியுமா? கைத்தொழில் தெரிந்தவன் வேண்டும், ஐயா!

அந்தக் கைத்தொழிலை நம் பிள்ளைகளுக்குத் தருவது, ஆர்வலர்கள் தாங்களே இயக்கும் வானொலியான ஹாம் ரேடியோ. 1983இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் இருந்தபடி, விண்வெளியிலிருந்து முதன்முதலாக ஹாம் ரேடியோவில் பேசியவர் கேரியட்டின் தந்தை ஓவன். மகனும் மேலிருந்து பேசினார். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நம் பெங்களூரு மாணவர்களோடு பேசியதும் இதே வழியில்தான்.

நிலையத்தின் குரல் வருவது 145.800 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம்மில். நிலையம் நம் வானத்தை ஒருமுறை கடக்கச் சுமார் பத்து நிமிடம்தான். அது வேகமாக நகர்வதால் அலைவரிசை சற்றே மாறித் தெரியும். நெருங்கி வரும்போது 145.8025இல் வையுங்கள், தலைக்கு மேலே 145.800, விலகும்போது 145.7975. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுதும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் மெல்லிய குரலை அதுவே விழுங்கிவிடும். வாக்கிடாக்கியோடு வரும் குட்டை ஆன்டெனா போதாது. ஒரே திசையை நோக்கும் யாகி ஆன்டெனாவை மூன்று கம்பியில் கட்டுங்கள். குரல் தேய்ந்தால் மணிக்கட்டைத் திருப்பி யாகியைச் சாய்த்துப் பாருங்கள், திரும்ப வரும். அடுக்குமாடிகள் அடிவானத்தை மறைக்கும் நம் ஊரில் 40 பாகைக்கு மேல் ஏறும் கடப்புகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேசுவதற்கு உரிமம் வேண்டும். 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். தலைவர் அவர்களே, சங்கக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு கம்பம் நடவும், ஞாயிறு காலைகளில் வகுப்பு நடத்த ஓர் அறை தரவும் இந்த மேடையிலேயே அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர விரும்பும் மாணவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிட்டுப் போகலாம்.