பசியாறியாச்சா?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில், தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

உங்களில் சிலருக்கு ஸ்தோத்திரம், சிலருக்கு இயேசுவுக்கே புகழ். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அப்பா மெதடிஸ்ட், அம்மா கத்தோலிக்கர். யார் எதைச் சொன்னாலும் பதில் சொல்லத் தெரிந்தவனாகத்தான் வளர்ந்தேன்.

உள்ளே வரும்போது வாசலில் ஓர் அக்கா என்னை நிறுத்தி, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். நமக்கு இது சாதாரணக் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு அது சாதாரணமாக இல்லை. தன்னைப் பார்த்தால் பட்டினி கிடந்தவர் மாதிரித் தெரிகிறதோ என்று சங்கடப்பட்டார். அங்கே "சாப்பிட்டாச்சா" என்பார்கள். மலேசியாவில் நாம்தான் காலையிலும் தேத்தண்ணி வேளையிலும் பசியாறுகிறவர்கள்.

எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். பசியை அடக்கியாச்சா என்று நாம் கேட்பதில்லை. ஆறியதா என்கிறோம். புண் ஆறும், கொதிக்கிற கோப்பி ஆறும், அழுத மனம் ஆறும். பசியையும் அந்த வரிசையில் யாரோ வைத்திருக்கிறார்கள். இன்று எனக்குத் தந்த தலைப்பு சோதனையும் நிலையான மகிழ்ச்சியும். நான் பேசப்போவது என்னவோ பசியைப் பற்றித்தான். ஏற்பாட்டாளர்கள் மன்னிக்க வேண்டும்.

முதலில் 'சோதனை'. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்குக் கணிதச் சோதனை. வேலை போனவர் "எனக்கு ஏன் இந்தச் சோதனை" என்கிறார். தனியாக இருக்கும்போது கைபேசி கூப்பிடுகிறதே, அதுவும் சோதனை. பரீட்சை, துன்பம், ஆசை மூன்றுக்கும் ஒரே சொல். இது தமிழின் ஏழ்மை என்று நினைத்தால் தப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல்தான் இரண்டு பக்கமும் நிற்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், சோதனைகளில் அகப்படும்போது அதைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்று தொடங்குகிறார். பத்து வசனம் தாண்டி, தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று ஒருவனும் சொல்லவேண்டாம், அவனவன் தன் சொந்த இச்சையினால் இழுக்கப்படுகிறான் என்கிறார். வெளியிலிருந்து வருவதும் உள்ளிருந்து இழுப்பதும் அவருக்கு ஒரே குடும்பம்.

சின்ன வயதில் எனக்கு இதில் பெரிய குழப்பம். அப்பாவோடு ஜெபித்தால், "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்". அம்மாவோடு ஜெபித்தால், "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்". அப்பாவின் ஜெபத்தில் கடவுள் கையைப் பிடித்துச் சோதனைக்குள் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர் போல இருக்கும். அம்மாவின் ஜெபத்தில் நாம் விழப்போகிறோம், அவர் பிடித்துக்கொள்ளப்போகிறார். 2017-இல் போப் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், சோதனைக்குள் தள்ளுகிறவர் தகப்பன் அல்ல, விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுகிறவர்தான் தகப்பன் என்ற பொருளில் பேசினார். உலகமே அதைச் செய்தியாக்கியது. நான் அம்மாவிடம் சொன்னேன். "நாங்க எப்பவும் அப்படித்தானப்பா சொல்றோம்" என்றார். அவருக்கு அது செய்தியே இல்லை.

சரி, வனாந்தரத்துக்கு வருவோம். இயேசுவுக்கு நாற்பது நாள் உபவாசம். அதற்குப் பிறகு, "அவருக்குப் பசியுண்டாயிற்று" என்கிறது மத்தேயு. எனக்கு அந்த வரி போதும். கல்லை அப்பமாக்கச் சொல்லிச் சோதனைக்காரன் வருகிறான். இயேசு, எனக்குப் பசியில்லை என்று சொல்லவில்லை. அப்பம் கெட்டது என்றும் சொல்லவில்லை. பின்னால் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தவரே அவர்தான். "மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல" என்கிறார். அந்த 'மாத்திரமல்ல'வை நாம் விழுங்கிவிடுகிறோம். அது உபாகமம் எட்டாம் அதிகாரத்து வார்த்தை. அங்கே வனாந்தரத்தில் இஸ்ரவேலரைப் பசிக்க விட்டவர் கடவுளே. பசிக்க விட்டார், அப்புறம் மன்னா என்ற உணவைக் கொடுத்தார். ஆக, பசி எதிரி அல்ல. பசிக்கு நேரம் வரும் முன்பே கல்லைக் காட்டுகிறானே, அவன்தான் எதிரி.

நான் பாயான் லெப்பாஸில் முப்பது வருஷம் ஷிஃப்ட் வேலை செய்தவன். இரவு பதினொன்றுக்கு முடியும். வழியில் நாசி கண்டார் கடை, சோற்றின்மேல் பலவிதக் குழம்பு ஊற்றித் தருவார்கள். குழம்பு வாசனைக்கு மோட்டார் சைக்கிள் தானாகவே நின்றுவிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு போனால், அம்மா விழித்திருப்பார். சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கும். "பசிக்கலம்மா" என்பேன். அம்மா திட்டியதே இல்லை. தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார், அவ்வளவுதான். நாசி கண்டார் சாப்பிட்டது பாவமா? இல்லை. ஆனால் அந்தத் தட்டு உள்ளே போகும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. சோதனையைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் காத்திருக்கிற சோற்றுக்கு வயிற்றில் இடமில்லாமல் செய்வதுதான் அதன் வேலை. "அப்பமல்லாததற்காகப் பணத்தையும், திருப்திசெய்யாத பொருளுக்காக உங்கள் பிரயாசத்தையும் செலவழிப்பானேன்?" என்று ஏசாயா கேட்பதில் கோபத்தைவிட ஆதங்கம்தான் அதிகம். சோறு வைத்துக் காத்திருக்கிறவரின் ஆதங்கம் அது.

எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரர். 2025-இல் நோன்பு மாதம் மார்ச் 2-இல் தொடங்கியது, நமக்குத் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5. இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் விரதம். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார், நானோ கோழியை விட்டதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பசியோடு ரமலான் பசார் சாப்பாட்டுச் சந்தைக்குப் போகாதே. பார்ப்பது எல்லாம் வேண்டும் போல இருக்கும். ஐந்து பை வாங்கிவிடுவாய். நேரம் வந்ததும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வயிற்றுக்குள் போனால், மற்றது எதற்கு வாங்கினோம் என்று இருக்கும்." இதை நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

என் மாமா ஒருவர் இருந்தார். நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம். புதன், சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று நம்பிக்கை. விபத்தான காரின் எண், கனவில் வந்த பாட்டியின் வீட்டு எண், எதையும் விடமாட்டார். கோயிலுக்கு ஒழுங்காக வருவார். போதகருக்கு அதில் பெருமை. பாட்டு எண்கள் எழுதிய பலகையைத்தான் மாமா பார்க்க வருகிறார் என்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். ஒரு தடவை அடித்தும்விட்டது. பெரிய தொகை இல்லை, ஆனால் அத்தைக்கு வளையல் வந்தது. கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன், "எப்படி மாமா இருக்கு?" யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரிசல்ட் வர்றதுக்கு முன்னால இருந்த சந்தோஷம், அடிச்ச பிறகு இல்லடா."

அந்த வார்த்தையை நான் வெகுநாள் சுமந்திருக்கிறேன். மாமா தன்னையறியாமல் பெரிய விஷயம் சொல்லிவிட்டார். மகிழ்ச்சி கிடைத்ததில் இல்லை, ஏங்கியதில் இருந்தது. அவருடைய ஏக்கம் பெரியது, அதற்குக் கொடுத்த இரைதான் சின்னது. நாலு இலக்கம் அதைத் தாங்கவில்லை. அவர் ஆசைப்பட்டது அதிகம் என்று எல்லோரும் குறை சொன்னார்கள். எனக்கென்னவோ, அவர் போதுமான அளவு ஆசைப்படவில்லை என்றே தோன்றுகிறது. எதை அடைந்த பிறகும் ஏக்கம் செத்துப்போகாமல் இன்னும் வளருமோ, அதன்மேல் அல்லவா மாமா ஆசை வைத்திருக்க வேண்டும்?

நாற்பத்திரண்டாம் சங்கீதத்துக்காரன் அப்படிப்பட்ட ஆள். மான் நீரோடைக்குக் கதறுவது போல என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது என்கிறான். இதை நாம் அழகான படத்தோடு நாட்காட்டியில் அச்சடிக்கிறோம். அவனோ ஆலயத்தைவிட்டு வெகுதூரம், யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைப்பக்கமும் இருக்கிறான். கண்ணீரே சாப்பாடு. பண்டிகைக் கூட்டத்தோடு நடந்து தேவாலயத்துக்குப் "போய்வருவேனே" என்கிறான். அந்தக் கடைசி 'ஏ'யைக் கவனியுங்கள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு, ஃபெரி ஏறிக் கரை கடந்து, மெழுகுவர்த்தியோடு அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு அந்த 'ஏ' புரியும். 1888-இல் கட்டிய பழைய கோயிலும் 2002-இல் எழுந்த புதியதும் நிற்கிற அந்த வளாகத்தில், அம்மா என் விரலைப் பிடித்து நடந்திருக்கிறார், பிறகு நான் அவர் கையைப் பிடித்து நடந்திருக்கிறேன்.

2020 மார்ச் 18-இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில்கள் மூடின. ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழா. திருப்பலியைக் கைபேசியில் பார்க்க ஏற்பாடு செய்தேன். நான் கைலியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா அறையிலிருந்து வந்தார். பட்டுச் சேலை, தலையில் முக்காடு. கூடத்துக்கு வந்தவர், வீட்டுச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, கைபேசிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

நற்கருணை நேரம் வந்தது. திரையில் குரு அப்பத்தை உயர்த்தினார். அம்மா வழக்கம் போல எழுந்து நின்றார், போக இடமில்லை. இரண்டு கையையும் நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அழவில்லை. அந்த முகத்தில் இருந்தது துக்கம் என்று என்னால் சொல்ல முடியாது. பாட்டு முடிந்து, திரை அணைந்த பிறகும் அப்படியே நின்றார்.

அடுக்களையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. "பசியாறலாமாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்ப்பா" என்றார்.