விட்டுப்போகும் ஐந்தாவது நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

எறிபொருள் கணக்கைப் பார்த்ததும் மாணவர்கள் பலர் நெடுக்கத்துக்கான (பொருள் கிடைத்தளத்தில் கடக்கும் தூரத்துக்கான) சூத்திரத்தில் எண்களைப் போட்டுவிடுகிறார்கள். எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும்.

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் உயர மேடையின் விளிம்பிலிருந்து ஒரு பந்து, நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில், கிடைத்தளத்துக்கு 30 பாகை மேல்நோக்கி எறியப்படுகிறது. ஈர்ப்பு முடுக்கம் 10. காற்றுத் தடை இல்லை. தரையில் எவ்வளவு தூரத்தில் விழும்?

முதலில் படம் வரையுங்கள். எறிந்த இடம் ஆதிப்புள்ளி, மேல்நோக்கிய திசை நேர்க்குறி. இடையில் இதை மாற்றவே கூடாது. அடுத்து வேகத்தை இரண்டு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: செங்குத்தில் சைன், 20, கிடைத்தளத்தில் கொசைன், 34.6. கோணம் செங்குத்திலிருந்து தரப்பட்டிருந்தால் சைனும் கொசைனும் இடம் மாறும். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிடைத்தளத்தில் முடுக்கம் இல்லை, செங்குத்தில் மட்டுமே உண்டு. இரண்டு இயக்கங்களுக்கும் பொதுவானது நேரம் ஒன்றுதான். ஆகவே நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கின் உயிர்.

தரை ஆதிப்புள்ளிக்குக் கீழே இருப்பதால் செங்குத்து இடப்பெயர்ச்சி கழித்தல் 25. இடப்பெயர்ச்சி என்பது 20 மடங்கு நேரம், கழித்தல் 5 மடங்கு நேரத்தின் வர்க்கம். இந்தச் சமன்பாட்டைச் சுருக்கினால்: நேரத்தின் வர்க்கம், கழித்தல் நான்கு மடங்கு நேரம், கழித்தல் 5, சமம் பூச்சியம். விடைகள் 5, கழித்தல் 1. அந்தக் கழித்தல் 1 பொருளற்றதல்ல. இதே பாதையில் பந்து தரையிலிருந்தே கிளம்பியிருந்தால், ஒரு நொடி முன்பே புறப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியது 5. நெடுக்கம் 34.6 பெருக்கல் 5, அதாவது 173 மீட்டர்.

இடப்பெயர்ச்சியின் குறியை விட்டுவிட்டால் மெய்யான விடையே வராது. ஏன் தெரியுமா? பந்து எறிந்த இடத்துக்கு மேலே 20 மீட்டர்தான் எழும், 25ஐத் தொடாது. சமன்பாடே நம் பிழையைக் காட்டிக்கொடுப்பது எவ்வளவு அழகு! நெடுக்கச் சூத்திரமோ சத்தமில்லாமல் 138.6 என்று தவறாகச் சொல்லிவிடும். பந்து எறிந்த மட்டத்துக்குத் திரும்பும் நான்கு நொடிகளைத்தான் அது கணக்கில் எடுக்கும். ஐந்தாவது நொடி விட்டுப்போகும்.

உச்சியில் வேகம் பூச்சியம் என்று எழுதுவது இன்னொரு பிழை. அங்கே செங்குத்துக் கூறு மட்டுமே பூச்சியம். 34.6 அப்படியே இருக்கிறது, முடுக்கமும் குறையவில்லை.

கடைசியாக ஆற்றலை வைத்துச் சரிபாருங்கள். தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் கழித்தல் 30. அதன் வர்க்கம் 900, கிடைத்தள வேகத்தின் வர்க்கம் 1200; கூட்டினால் 2100. ஆற்றல் வழியில், தொடக்க வேகம் 40இன் வர்க்கம் 1600. அதோடு, 25 மீட்டர் கீழே இறங்கியதால் கூடும் இருமடங்கு 10 பெருக்கல் 25, அதாவது 500. அதுவும் 2100தான்.