வண்டியும் ஒருநாள் ஓடம் ஏறும்

(மட்டக்களப்பில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மஃரிப் தொழுகையை முடித்த கையோடு காத்தான்குடியில் இருந்து வந்து சேர்ந்த மௌலவி அவர்களே, மாநகர சபை உறுப்பினர்களே, வர்த்தகப் பெருமக்களே, முச்சக்கரவண்டிச் சகோதரர்களே, அக்காமாரே, தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தை ஒரு சதமும் வாங்காமல் தந்த அதிபர் அவர்களுக்கு நன்றி. முன்வரிசையில் பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. இன்று பாலம் கட்டுகிறார். அவரைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஒலிபெருக்கி பூட்டிய தம்பியையும், தேநீர் ஊற்றிய மாதர் சங்கத்து அக்காமாரையும் மறந்தால் அது பாவம்.

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். மண்டூர்த் துறையில் பாதைக்கு, அதுதான் வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்கு, காத்து நிற்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவார். இன்றைக்கு நான் பேசப்போவதும் அதுதான்.

மூன்று விடயம் சொல்லலாம் என்று வந்தேன். நகர மையத்தில் காரைக் கட்டுப்படுத்திய ஊர்களில் என்ன நடந்தது என்பது ஒன்று. அதனால் நமது கடைக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் என்ன வரும் என்பது இரண்டாவது. முச்சக்கரவண்டித் தரிப்பிடம் மூன்றாவது.

நமது நகர மையம் புளியந்தீவு. அந்தப் பெயரிலேயே விடயம் இருக்கிறது. அது தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும், சுற்றிவரத் தண்ணீர் என்ற காரணத்தால்தான். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகம், அந்தக் கோட்டைக்குள்ளேயே நடந்தது. பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், வங்கி என்று எல்லாவற்றையும் இந்தச் சின்னத் தீவுக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் பாலத்தைக் கடந்து காரில்தான் வர வேண்டும் என்றால் எப்படி? தீவை இழுத்துப் பெருப்பிக்க முடியாதே.

கார் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் மறுபடி திறந்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்தவர் வாங்கத்தான் செய்வார். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு இரவிரவாக நின்றோம். வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எடுத்து எண்ணெய் போட்டோம். டொக்டரும் சைக்கிளில் போனார், கிளார்க்கும் சைக்கிளில் போனார். அந்த நாட்களில் காலையில் கோயில் மணியும் தேவாலய மணியும் தெளிவாகக் கேட்டதை நான் மறக்கவில்லை. வண்டி ஓடம் ஏறிய நாட்கள் அவை.

சரி, வெளியூருக்குப் போவோம். ஸ்பெயினில் பொன்தெவெத்ரா என்று ஒரு நகரம். சனத்தொகை 80,000க்குச் சற்று மேல், ஏறக்குறைய நமது மாநகரம் அளவு. ஆற்றங்கரை ஊர். பெயரின் பொருளே 'பழைய பாலம்'. 1999இல் பதவிக்கு வந்த நகர முதல்வர் லோரெஸ், பழைய நகரத்துக்குள் கார்கள் ஊடறுத்துப் போவதை நிறுத்தினார். கடைக்காரர் முதலில் கொதித்தார்கள். ஆனால் சாமான் இறக்க நேரம் கொடுத்தார்கள், உள்ளே வீடு உள்ளவன் தன் கராஜுக்குப் போகலாம் என்றார்கள், நகர ஓரத்தில் இலவசத் தரிப்பிடம் வைத்தார்கள். எங்கிருந்து எங்கே நடக்க எத்தனை நிமிடம் என்று, ரயில் பாதைப் படம் போல ஒரு படமும் அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

லண்டன் 2003 பெப்ரவரியில், மையத்துக்குள் வரும் காருக்கு நாளொன்றுக்கு 5 பவுண் வைத்தது. உள்ளே குடியிருப்பவருக்கு 90 வீதம் கட்டணக் கழிவு கொடுத்தார்கள். நான் இதை அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம், புளியந்தீவில் வீடு உள்ளவர்கள் 'எங்கட கதி என்ன?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஸ்டொக்ஹோம் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அதுவும் தீவுகள் மேல் கட்டிய நகரம். 2006இல் இப்படியொரு கட்டணத்தை ஏழு மாதம் பரீட்சித்துப் பார்த்தார்கள். மையத்துக்குள் வரும் வாகனம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த சனமே, அதன்பின் வந்த வாக்கெடுப்பில் ஆம் என்றது. 2007இல் நிரந்தரமாக்கினார்கள். அங்கே பஸ்ஸுக்கு எடுத்த டிக்கட்டைக் காட்டிப் படகிலும் ஏறலாம். இதைக் கவனியுங்கள். படகு!

இங்கேதான் என் பெரியம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். என் மகளின் கல்யாணம் இங்கே, புளியந்தீவில் ஒரு மண்டபத்தில். பெரியம்மா மண்டூர். 'கடைத் தயிர் வேண்டாம் மனே, நான் கொண்டாறன்' என்று இரண்டு சட்டி எருமைத் தயிர் உறைய வைத்துவிட்டா. வாழையிலை போட்டு, சீலைத் துண்டால் வாயைக் கட்டி, ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு விடியவே பாதையில் ஏறினா. எழுபத்தெட்டு வயது. தண்ணீர் சும்மா கண்ணாடி போலக் கிடந்ததாம். ஒரு சொட்டுத் தயிர் சிந்தவில்லை. குருமண்வெளித் துறையில் நான் காரோடு நின்றேன். களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் எல்லாம் சுகமாகக் கடந்தோம். பிறகு புளியந்தீவுக்குள் நுழையும் கோட்டைமுனைப் பாலத்தடியில் மாட்டினோம். முன்னால் பள்ளிக்கூட வான் வரிசை, பின்னால் லொறி, பக்கத்தில் ஹோன் அடித்தபடி இன்னொரு கார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். பிரேக் போடும்போதெல்லாம் பெரியம்மா இரண்டு கையாலும் சட்டியை அணைத்துப் பிடிக்கிறா. தயிர் மெல்லத் தண்ணி விடத் தொடங்கிவிட்டது. சீலைத் துண்டு நனைந்து மடியிலும் வழிகிறது. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் கூட இல்லை. 'மனே, ஆத்தத் தாண்டி வந்த எனக்கு இந்த றோட்டத் தாண்ட ஏலாமக் கிடக்கே' என்றா. சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி, ஒரு சட்டியைத் தலையில் வைத்து நடக்கத் தொடங்கிவிட்டா. மற்றச் சட்டியை நடந்து போன ஒரு பொடியன் வாங்கிக்கொண்டு பின்னால் போனான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர, தாலி கட்டி முடிந்துவிட்டது. மகளின் தகப்பன் நான். பெரியம்மாவோ முன்வரிசையில், நனைந்த சீலையோடு, அட்சதை போட்ட கையோடு இருந்தா.

அன்றைக்கு எடுத்த முடிவுதான், இந்த வாவியில் மறுபடி படகு ஓட வேண்டும் என்பது. நமது வாவி 56 கிலோமீற்றர் நீளம். குருமண்வெளியிலும் அம்பிலாந்துறையிலும் பாதை ஓடித்தான் சனம் வாழ்ந்தது. 2014இல் மண்முனைப் பாலம் வந்தது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனத்துக்குப் பெரிய விடிவு, மறுக்கவில்லை. ஆனால் பாலம் வந்தால் படகை மறக்க வேண்டும் என்று யார் சொன்னது? 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிய இடம் காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த நகரத்தின் வாசல் தண்ணீரைப் பார்த்துத்தான் இருந்தது. நாங்கள்தான் அதற்கு முதுகைக் காட்டிவிட்டோம்.

நான் கேட்பது இதுதான். கல்லடிப் பக்கம் ஒரு துறை, நாவற்குடாப் பக்கம் ஒரு துறை, வலையிறவுப் பக்கம் ஒரு துறை. காரை அங்கே நிறுத்திவிட்டு, படகில் காந்தி பூங்காவடிக்கு வரட்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மட்டும், மூன்று மாதம் புளியந்தீவுக்குள் வெளிக் கார் வேண்டாம். அம்புலன்ஸ், வயோதிபர், நடக்க முடியாதவர், முச்சக்கரவண்டி, சாமான் லொறி எல்லாவற்றுக்கும் வழி விடுவோம். கடைக்காரர் அந்த மூன்று மாதக் கணக்கைத் தாங்களே எழுதட்டும். வியாபாரம் விழுந்தால் இதே மேடையில் வந்து சொல்லட்டும், நான் கேட்பேன். படகில் வந்து இறங்குபவன் நடந்துதான் வருவான், நடப்பவன்தான் கடைக்குள் எட்டிப் பார்ப்பான் என்பது என் நம்பிக்கை.

பழைய கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 2013இல் புதுப் பாலம் திறந்து, பெரிய வாகனமெல்லாம் அங்கே போன பிறகு, பழைய பாலத்தில் பின்னேரம் சனம் காற்று வாங்குகிறது, தூண்டில் போடுகிறது, ஊரார் சொல்லுவது போல முழுநிலவில் மீன் பாடுகிறதா என்று காது வைக்கிறது. அந்தச் சுகம் புளியந்தீவு முழுக்கக் கிடைக்கட்டும் என்கிறேன்.

தலைவர் ஐயா மணிக்கூட்டைக் காட்டுகிறார். தரிப்பிடம் பற்றி முச்சக்கரவண்டிச் சகோதரர்களோடு தனியாக இருந்து பேசுவேன், கோபிக்க வேண்டாம். வாசலில் மேசை மேல் ஒரு கொப்பி இருக்கிறது. படகுச் சேவை கேட்டு மாநகர சபைக்குக் கொடுக்கும் மனு அதில் எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில் பெரியம்மாவின் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பெயரையும், நீங்கள் எந்தத் துறையில் ஏற விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.