டிவிஎஸ் எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக்: இழுவை எங்கே போனது, எப்படித் திரும்ப எடுப்பது?

(காட்சி: கொள்ளிடக் கரை மேடு. இரண்டு நெல் மூட்டையோடு ஒரு பழைய எக்ஸ்எல் ஏறுகிறது. பாதி மேட்டில் சத்தம் இறங்க, ஓட்டுபவர் காலை ஊன்றுகிறார்.)

வணக்கம். டெல்டாவில் மலை கிடையாது, கரை உண்டு. தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை தட்டை நிலம்தான். ஆனாலும் வயலிலிருந்து மூட்டையோடு ஆற்றங்கரை ஏறும் அந்த ஐம்பது அடியில் இன்ஜினின் யோக்கியதை தெரிந்துவிடும். அந்த மேட்டுக்காகத்தான் இந்த வீடியோ. நெடுஞ்சாலையில் எண்பதில் பறக்க வேண்டும் என்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எக்ஸ்எல் சூப்பர் இன்ஜின் 69.9 சிசி. சிலிண்டர் விட்டம் 46 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 42 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5000 சுழற்சியில் சுமார் மூன்றரை குதிரைத்திறன். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். அந்த வேகத்தில் வினாடிக்கு 83 வெடிப்பு. பின்னால் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்; 30 சிசி அதிகம் இருந்தும் அதன் திறன் நாலேகால் குதிரைத்திறன் அளவில்தான் நிற்கிறது, ஏனென்றால் அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது.

(காட்சி: கழற்றிய சிலிண்டர். எக்ஸாஸ்ட் போர்ட் நெருக்கத்தில்.)

பவர் ஏற்ற வேண்டும் என்றதும் பலர் நேராக லேத் பட்டறைக்குப் போகிறார்கள். இதோ, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் இந்த எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் ராவி உயர்த்துவார்கள். புகை சீக்கிரம் வெளியேறும், வண்டி மேல் சுழற்சியில் நன்றாகக் கத்தும். ஆனால் போர்ட் சீக்கிரம் திறந்தால், பிஸ்டனைக் கீழே தள்ளும் அழுத்தமும் சீக்கிரமே வெளியே போய்விடும். கீழ் சுழற்சியில் இருந்த இழுவை குறையும். அதாவது பவர் கூடவில்லை, கீழிருந்து மேலே குடிபெயர்ந்திருக்கிறது.

கியர் வண்டி என்றால் பரவாயில்லை, கியரைக் குறைத்துச் சுழற்சியை மேலே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எல்லில் கியர் ஏது? ஒரே வேகம், சுழற்சி ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச். மூட்டையோடு மேடு ஏறும்போது சுழற்சி விழும். விழுந்த இடத்தில் பலம் இல்லையென்றால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். ராவின விளிம்பைத் திரும்ப வைக்கவும் முடியாது. வேறு சிலிண்டர்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியில் பதில் இருக்கிறது. எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடென் என்ற பொறியாளர் 1961 வாக்கில் 125 சிசி ரேஸ் இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். அந்தக் கணக்கில் நம்ம எக்ஸ்எல் 14 குதிரைத்திறன் தர வேண்டும்! அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பி, அந்த வித்தையோடு சுசூகியில் சேர்ந்தார். 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. ஆனால் காடென் இன்ஜின் பலம் காட்டியது 10,000 சுழற்சிக்கு மேலே ஒரு குறுகிய இடத்தில் மட்டும். அதில் நெல் மூட்டை ஏற்ற முடியாது.

(காட்சி: பட்டறை. ஓர் இளைஞர் சைலன்சரைக் கையில் வைத்திருக்கிறார்.)

"அண்ணே, உள்குழாயை உருவிட்டா நல்லா இழுக்கும்ல?"

"சத்தம் நல்லா இழுக்கும் தம்பி."

டூ ஸ்ட்ரோக் சைலன்சர் சத்தத்தை அடக்க மட்டும் வைத்ததல்ல. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கிறது. கூடவே கொஞ்சம் புதுப் பெட்ரோல் கலவையும் வெளியே வந்துவிடும். குழாய் குறுகும் கடைசியில் மோதித் திரும்பும் அழுத்தம், அப்படி வந்த கலவையைப் போர்ட் மூடுவதற்குள் திரும்ப உள்ளே தள்ளுகிறது. காடென் செய்த சாதனையில் பெரும்பங்கு இந்த அலையை நேரம் பார்த்துத் திருப்பியதுதான். மொபட் சைலன்சரில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஆனாலும் அதன் நீளமும் உள்தடுப்பும் இந்த இன்ஜினுக்கென்று பார்த்து வைத்தவை. உருவினால் காசு கொடுத்து வாங்கின பெட்ரோல் எரியாமலே வெளியே போகும்.

சரி, வேறு என்னதான் செய்வது? பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய எக்ஸ்எல்லில் கம்பெனி கொடுத்த மூன்றரையே முழுசாக இருக்காது. தொலைந்ததை முதலில் எடுப்போம்.

(காட்சி: மூங்கில் சிம்பால் போர்ட்டைச் சுரண்டுதல். கறுத்த பிசுக்கு செதில் செதிலாக விழுகிறது.)

போர்ட்டைப் பாருங்கள், பாதி வாய் கரியால் மூடிக் கிடக்கிறது. சிலிண்டரைக் கழற்றியதும் அதன் அடியில் இருக்கும் அறையான கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், கோடு விழும். மூங்கில் சிம்பு போதும். பிஸ்டன் தலை, ஹெட், ரிங் உட்காரும் பள்ளம், சைலன்சர் கழுத்து எல்லாவற்றையும் சுரண்டுங்கள். இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது? பாரம் ஏற்றுகிறோமே என்று பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாக ஊற்றுவதிலிருந்து. லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50க்கு 1. நல்ல டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலுக்கு அது போதும். 40 ஊற்றினால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, கரிதான் இரட்டிப்பாகும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். டெல்டாவில் இதை லேசாக நினைக்கக் கூடாது. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காய்கிறது, அறுவடை இயந்திரம் போகும் பக்கமெல்லாம் சுணை பறக்கிறது. நெல் உமியில் சிலிகா அதிகம். மணலும் அதே சரக்குதான். டூ ஸ்ட்ரோக்கில் காற்று கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சிலிண்டரோடு பேரிங்கும் தேயும். அடைத்துக்கொண்டாலோ இழுவை போகும். அறுவடை சமயத்தில் வாரம் ஒருமுறை கழுவி, காயவைத்து, லேசாக ஆயில் தடவி மாட்டுங்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கவில்லையா? கேபிளும் கார்புரேட்டர் ஸ்லைடும் ஒட்டவில்லை என்றால், கிராங்க் கேஸுக்குள் வெளிக்காற்று புகாமல் அடைக்கும் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். அது காற்றைத் திருடினால் வேறு எந்த டியூனிங்கும் நிற்காது.

இவ்வளவும் செய்த பிறகும் மேட்டில் திணறினால், என் ஓட்டு முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு, அதாவது செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்துக்கு. 12 பல் இருந்த இடத்தில் 11 போட்டால் இழுவை 9 சதவீதம் கூடும், டாப் ஸ்பீடு 8 சதவீதம் குறையும். பிடிக்கவில்லையா, பழையதையே மாட்டிக்கொள்ளலாம்.

ஹெட்டைத் தேய்த்து கம்ப்ரஷன் ஏற்றுவதும் கீழ் சுழற்சிக்கு உதவும்தான். ஆனால் 46 மில்லிமீட்டர் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தேய்த்தால் 0.83 சிசி போகிறது. கலவை அடைபடும் இடமே சில சிசிதான். கொஞ்சம் மிஞ்சினால் சித்திரை வெயிலில், பாரத்தோடு, டக் டக்கென்று இன்ஜின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். பட்டறைக்காரர் அளந்து செய்பவர் என்றால் மட்டும் கொடுங்கள்.

பெரிய சிலிண்டர் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ஆர்சியில் உள்ள சிசி மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும், இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

(காட்சி: மூன்று ஸ்பார்க் பிளக்குகள் அருகருகே: வெளுத்தது, இளம் பழுப்பு, கறுத்து ஈரமானது.)

கடைசியாக ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் எவ்வளவு போகும் என்பதை முடிவுசெய்யும் சின்னத் துளை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் கலவை முன்னைவிடக் காற்று கூடியதாக ஆகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படி ஓடினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வாய்க்கால் ஓர ரோடு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, புது பிளக் மாட்டி, முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே சாவியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் விட்டுவிடலாம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், சின்ன ஜெட். வெளுத்திருந்தால் அதே ஜெட்டில் பாரம் ஏற்றாதீர்கள். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டு, அதே ரோட்டில் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.