மல்லாவிப் பக்கத்து இரும்புக்கடை ஒன்றினுள்

வணக்கம் உறவுகளே. இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வந்தால், பழைய ஹாட்வெயார் கடைகள் ஒன்றிரண்டை இன்னமும் காணலாம். அவற்றில் ஒன்றினுள் நின்றுதான் இந்தக் காணொளியைப் பதிவுசெய்கிறேன். தன் முகத்தையும் கடையின் பெயரையும் காட்ட வேண்டாம் என்று கடைக்கார ஐயா கேட்டுக்கொண்டார். ஆகவே பொருட்களை மட்டும் காட்டுகிறேன்.

முதலில் இந்தச் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து கூரைத் தகரம் வரை பால்மாப் பேணிகளும் பிஸ்கற் தகரங்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. எதிலும் பெயரோ விலையோ எழுதப்படவில்லை. உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றை எடுத்து வெளிப்புறத்தில் மெல்லிய கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு கதவுப் பிணைச்சல், பக்கத்தில் சைக்கிள் பம்பின் தோல் வாசர், அதற்கு மேலே அரிக்கன் லாம்பின் திரி, மூலையில் மாட்டு லாடத்துக்கு அடிக்கும் ஆணி. பெயர் தெரியாதவர்கூட விரலை நீட்டிக் கேட்டு, வேண்டிய ஒன்றை மட்டும் வாங்கிச் செல்லலாம். ஒரே ஒரு திருகாணி கேட்டாலும் ஐயா முகம் சுளிப்பதில்லை என்பதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன்.

கமராவைச் சற்றுக் கிட்டக் கொண்டுபோகிறேன். இந்த இரண்டு திருகாணிகளுக்கும் வேறுபாடு தெரிகிறதா? இடப்பக்கம் இருப்பது கால் அங்குலம். பழைய பிரித்தானிய இயந்திரங்களுக்கு உரியது. வலப்பக்கம் இருப்பது 6 மில்லிமீற்றர். இன்றைய ஜப்பானிய, சீன இயந்திரங்களுக்கு உரியது. பருமனில் அரை மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் ஆணியைச் சுற்றி ஓடும் புரியின் கணக்கு வேறு என்பதால், ஒன்றின் நட்டை மற்றதில் பலவந்தமாகப் பூட்டினால் புரி அழிந்துவிடும். ஐயா இவற்றை அளந்து பார்ப்பதே இல்லை. நகத்தால் புரியை ஒரு முறை வருடிவிட்டு, எந்தப் பேணிக்கு உரியது என்று சொல்லிவிடுகிறார்.

சற்று முன்னர் ஒருவர் தண்ணீர்ப் பம்பின் புட்வால்வைக் கழற்றி, ஈரம் காயாமலே இங்கே கொண்டுவந்தார். உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் இருக்கும் இந்த வால்வு, பம்பு நின்ற பிறகு தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்க வேண்டும்; பிடிக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள் தண்ணீர் வார்த்துத்தான் பம்பை இயக்க முடியும். புதிய வால்வு வாங்கும் எண்ணத்துடன் வந்தவரிடம், வால்வில் பிழையில்லை, உள்ளே இருக்கும் மூடிதான் இறுகிப் போயிற்று என்று ஐயா விளக்கினார். பிறகு பழைய மூடியைத் தடித்த றப்பர்த் துண்டின் மேல் வைத்துக் கத்தி நுனியால் சுற்றிக் கீறி, அதே அளவில் வெட்டிக் கொடுத்தார். றப்பருக்கு மட்டுமே காசு வாங்கினார். புதிய வால்வை விற்றிருந்தால் அவருக்குக் கூடுதலான இலாபம் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது வன்னியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 1990களில், போர்க்காலத்தில், வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது சீமெந்து, இரும்புக்கம்பி, பற்றரி, எரிபொருள் எல்லாமே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களாக இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அந்தக் காலத்தில்தான். புதியது வராத ஊரில் பழையதைக் கழற்றத் தெரிந்தவரே கடை நடத்த முடிந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்து பொருட்கள் வரத் தொடங்கிய பிறகும், கழற்றிப் பார்க்காமல் எதையும் எறிவதில்லை என்ற வழக்கத்தை ஐயா விட்டுவிடவில்லை.

இந்தப் பக்கம் மண்வெட்டிகள். முதலை மார்க் மண்வெட்டியைத் தெரியாத கமக்காரர் இங்கே இருக்க மாட்டார். தகட்டைத் தூக்கிப் பிடித்து ஓர் ஆணியால் தட்டி, ஓசையைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்; எங்காவது வெடிப்பு இருந்தால் ஓசை அடைத்துக்கொண்டு வரும். பிடிகள் தனியாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பாலையும் முதிரையும் வீடு கட்டுவதற்கான மரங்கள். பிடிக்கு விண்ணாங்குதான் என்று ஐயா உறுதியாகச் சொல்கிறார். விண்ணாங்கு வளைந்து கொடுக்கும், இலகுவில் முறியாது என்பதால் நம்முடைய ஆட்கள் அதை வண்டிலுக்கும் பயன்படுத்தினார்கள். காலபோக மழைக்கு முன்னர், வரம்பு கட்டும் நாட்களில், இந்த மூலை முழுவதும் வெறுமையாகிவிடும். அதன் அருகே வண்டில் சக்கரத்துக்கான கடையாணிகள் சில தொங்குகின்றன. கொல்லர் கையால் அடித்தவை என்பதால் ஒன்றைப் போல மற்றது இல்லை. கேட்டு வருவோர் அருகிவிட்டாலும் ஐயா அவற்றை அகற்றவில்லை. யாராவது ஒருவருடைய வண்டில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் என்கிறார்.

2008இல் போரால் இந்தப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தராசையும் நிறைகற்களையும் கடையின் பின்புறத்தில் புதைத்துவிட்டுப் போனாராம். மீள்குடியேறி வந்தபோது சுவர்கள் இல்லை, கூரை இல்லை. புதைத்தவை மட்டும் இருந்தன. தறப்பாளுக்குக் கீழே, ஆணியும் கட்டுக்கம்பியும் நிறுத்து விற்றுத்தான் மறுபடியும் தொடங்கியிருக்கிறார். 2012 ஒக்ரோபரில் இந்திய அரசின் உதவியிலான வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கி, புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபாய் தவணை தவணையாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே பொருள் வாங்கிக் கட்ட வேண்டிய முறை அது. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த தவணை வரும், அத்திவாரத்தை முடிக்கச் சீமெந்து வேண்டும், கையில் காசில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை இத்தகைய கடைகளின் கடன் கொப்பிகள். ஐயா என்னிடம் காட்டிய கொப்பியில் பல பக்கங்கள் குறுக்குக் கோடு போட்டு முடிக்கப்பட்டிருந்தன. சில பக்கங்கள் இன்னமும் முடியவில்லை. அவற்றைப் படம் எடுக்க வேண்டாம் என்றார். அது சரியென்றே எனக்கும் பட்டது.

ஏ9 வீதியோரத்தில் இப்போது குளிரூட்டிய பெரிய கடைகள் வந்துவிட்டன. அவற்றில் நல்ல பொருட்கள் இருக்கின்றன. தரைக்கு ஓடு பதிக்க நான்கூட அங்கேதான் போவேன். ஆனால் அங்கே திருகாணி பொலித்தீன் பைக்குள் பத்துப் பத்தாக ஒட்டப்பட்டிருக்கிறது. பையைப் பிரித்து உங்கள் பழைய நட்டுடன் பொருத்திப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். இங்கே, வாங்க வந்த பொருளை மறந்து, இந்தப் பேணிகளுக்கு இடையில் ஒரு முற்பகல் முழுவதும் நிற்கலாம். எதற்கு நிற்கிறீர் என்று யாரும் கேட்பதில்லை. எது எதற்குப் பொருந்தும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் என் அக்காவின் மகனை அடுத்த முறை அழைத்து வரப்போகிறேன்.

நீங்கள் வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பழுதான பாகத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு வராதீர்கள். படத்தில் புரியை வருடிப் பார்க்க முடியாது. “பழசைக் கொண்டு வாரும் தம்பி, ஆளைப் பார்த்தால்தான் சோடி சேர்க்கலாம்” என்பார் ஐயா. கறள் பிடித்திருந்தால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, துடைத்துக் கொண்டு வாருங்கள்.