குப்புறப் படுக்க வைத்தால் போதுமா?

நடுவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, காரைக்குடி அவையோரே, வணக்கம். 'பெருந்தொற்று மருத்துவமனை ஊழியர்களின் திறனை வளர்த்ததா, தேய்த்ததா?' என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்த்தது என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் அடுக்கினார்: மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்க வைக்கக் கற்றார்கள், வென்டிலேட்டர் பார்க்கக் கற்றார்கள், கவச உடையை முறையாகக் கழற்றக் கற்றார்கள் என்று. மெய்தான், அந்தக் கைகளைக் கும்பிடுகிறேன். ஆனால் அண்ணன் அவர்களே, அத்தனையும் ஒரே நோயின் பாடம். மற்ற பாடங்கள் எங்கே போயின?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை எல்லாம் அந்தக் கணக்கில் போயின. பயிற்சி மருத்துவருக்குக் கை பழகுவதே இவற்றில்தானே! அறுவை சிகிச்சை படிக்க வந்தவர் கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். செவிலியர் கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. ஊசி போடுவதை மாணவியர் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள்.

இங்கிருந்து ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய், அங்கே தரைக்கல் செய்வதைப் பார்த்துவாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சாந்தை ஊற்றுவார்கள். புதியவன் கை கொஞ்சம் ஆடினால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். அதைத் திரையில் நூறு முறை பார்த்தாலும் உருப்படியாக ஒரு கல் வராது. கல் கோணலானால் ஓரமாகப் போட்டுவிடலாம். நோயாளியை எங்கே போடுவது?

முதுநிலை மருத்துவர்கள் கதை இன்னும் பாவம். 2021 ஏப்ரலில் நடக்கவேண்டிய முதுநிலை நீட் நுழைவுத் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று; கலந்தாய்வு தொடங்குவதற்குள் 2022 பிறந்துவிட்டது. அதுவரை முதலாண்டு மாணவர்கள் வந்து சேரவே இல்லை. அவர்கள் வேலையும் மூத்தவர்கள் தலையில் விழுந்தது. தூங்க நேரமில்லாதவர் யாரிடம் கற்பார், யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்?

நடுவர் மணியைத் தொடுகிறார், ஒரே ஒரு கேள்வி. எதிரணி அண்ணனுக்கு நாளைக்கே குடலிறக்க அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். குப்புறப் படுக்க வைக்கத் தெரிந்த மருத்துவர் போதுமா, ஐம்பது குடலிறக்கம் தைத்த கை வேண்டுமா? அவர் வாயாலேயே சொல்லட்டும்.